டர்போ காரில் மிகை அழுத்தம் வெளியேறும் இரண்டு வழிகள்

டர்போ கார் வைத்திருப்பவர்களிடம், மிகையான அழுத்தம் எப்படி வெளியேறுகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் அந்த 'புஸ்' சத்தத்தைத்தான் சொல்வார்கள். கியர் மாற்றுவதற்காக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று சீறிக்கொண்டு வெளியேறும் ஓசை அது. இன்ஜினை வெடிக்காமல் காப்பாற்றுவதே அதுதான் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. டர்போ பெட்ரோல் காரில் அழுத்தம் மிகையாகும் தருணங்கள் இரண்டு. ஒன்று, ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம். மற்றொன்று, அதிலிருந்து காலை எடுத்த கணம். முதலாவதைக் கவனித்துக்கொள்வது வேஸ்ட்கேட். இரண்டாவதைக் கவனித்துக்கொள்வது பைபாஸ் வால்வு. இரண்டும் இருக்கும் இடம் வேறு, திறந்துவிடும் வாயு வேறு, திறப்பதற்கான காரணமும் வேறு.

பழைய டர்போ பெட்ரோல் கார் ஒன்றை நீண்ட காலமாக ஓட்டிவருகிறேன். அதன் பழுதுகளை மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சிலவற்றை நானே கழற்றியும் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் எனக்கு அதிகப் பணத்தை மிச்சப்படுத்திய அறிவு இந்த ஒரு வேறுபாடுதான். வேஸ்ட்கேட் சரியாக இல்லாத காருக்குப் பைபாஸ் வால்வையும், பைபாஸ் வால்வு கிழிந்த காருக்குப் புது டர்போவையும் மாற்றச் சொல்லும் ஆலோசனைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். எனவே அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

சிலிண்டரிலிருந்து வெளியேறும் சூடான புகை, டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்கு அனுப்புகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூகி 1905இல் காப்புரிமை பெற்ற எண்ணத்தின் சாரம் இதுதான். ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்து கூடவே பிறந்திருக்கிறது. காற்று கூடினால் எரிபொருளும் கூடும். எரிபொருள் கூடினால் புகையும் கூடும். அந்தப் புகை டர்பைனை இன்னும் வேகமாகச் சுழற்றும். கம்ப்ரஸர் இன்னும் அதிகக் காற்றைத் தள்ளும். இடையில் தடுப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் இந்தச் சுற்று தன்னைத்தானே வளர்த்துக்கொண்டே போகும்.

அப்படிப் போனால் என்ன ஆகும்? அழுத்தமும் வெப்பமும் ஏற ஏற, சிலிண்டருக்குள் இருக்கும் கலவை தீப்பொறியின் சொல் கேட்காமல் தானாகவே வெடிக்கத் தொடங்கும். 'நாக்கிங்' என்று நாம் சொல்வது இதைத்தான். பிஸ்டனில் வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதி உடைவது, பிஸ்டனின் ஓரம் உருகுவது, ஹெட் கேஸ்கெட் பிய்த்துக்கொள்வது எல்லாம் இதன் விளைவுகள். இன்னொரு பக்கம் டர்போவே தன் வேக வரம்பைத் தாண்டும். சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலக்கூடியது. அதற்கு மேலும் வேகம் கூடினால் சக்கரமும் தாங்காது, பேரிங்கும் தாங்காது.

இந்தச் சுற்றை வெட்டிவிடுவதுதான் வேஸ்ட்கேட்டின் வேலை. இதைப் பலர் ஏரியின் கலிங்கைப் போல எண்ணிக்கொள்கிறார்கள். ஏரி நிரம்பியதும் உபரி நீர் கலிங்கு வழியே வெளியேறுவதுபோல, அழுத்தப்பட்ட காற்றில் உபரி மட்டும் வெளியேறுகிறது என்பது அவர்கள் எண்ணம். வேஸ்ட்கேட் அப்படி வேலை செய்வதில்லை. அது அழுத்தப்பட்ட காற்றைத் தொடுவதே இல்லை. ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாயிலேயே ஒரு கிளையைத் திறந்து, வரவைக் குறைத்துவிடுகிறது. டர்பைனுக்குப் போகும் புகையில் ஒரு பகுதி, சக்கரத்தைத் தொடாமலே பக்கவழியாக நேரே சைலன்சர் குழாய்க்குப் போய்விடுகிறது. டர்பைனுக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது, கம்ப்ரஸரின் வேகம் கட்டுக்குள் நிற்கிறது, பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) அதற்கு மேல் ஏறுவதில்லை. உருவான அழுத்தத்தை வெளியேற்றுவதைவிட, மிகையாக உருவாகவே விடாமல் தடுப்பது எவ்வளவோ மேலான ஏற்பாடு. இந்த வடிவமைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது.

1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் வந்த இரண்டு கார்கள் இதன் அருமையைக் காட்டுகின்றன. டர்போவுடன் விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் கார்கள் அவை. ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில் வேஸ்ட்கேட் இருந்தது. அழுத்தத்தை ஏறத்தாழ 5 பிஎஸ்ஐ அளவில், அதாவது 0.35 பார் அருகில் அது நிறுத்தியது. செவர்லே கார்வேரின் டர்போ வகையில் வேஸ்ட்கேட்டே கிடையாது. சைலன்சரும் புகைக்குழாயும் தரும் எதிர் அழுத்தத்தையும், கார்புரேட்டரின் நெரிசலையும் நம்பியே அங்கே பூஸ்ட்டுக்கு வரம்பு வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டில் தடையில்லாத சைலன்சர் ஒன்றை மாட்டினாலே வரம்பு நகர்ந்துவிடும். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; இன்றைய கார்களிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது, பிறகு சொல்கிறேன்.

உருவான அழுத்தத்தையே நேரடியாக வெளியேற்றும் முறையும் ஓரிடத்தில் இருந்தது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் டர்போ இன்ஜின்களின் சக்தி கட்டுமீறிப் போனபோது, 1987இல் எல்லா டர்போ கார்களிலும் பாப்-ஆஃப் வால்வு கட்டாயமாக்கப்பட்டது. வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து 4 பாருக்கு மேல் போனால் அது திறந்துகொள்ளும். 1988இல் வரம்பு 2.5 பாராகக் குறைந்தது. 1989இல் டர்போவே தடைசெய்யப்பட்டது. அந்த வால்வு ஒரு காவல்காரன் மட்டும்தான். அழுத்தத்தை அதற்குக் கீழே பிடித்து நிறுத்தும் அன்றாட வேலையை அந்தப் பந்தயக் கார்களிலும் வேஸ்ட்கேட்தான் செய்தது.

வேஸ்ட்கேட்டுக்குள் இருப்பது எளிய கருவி. டர்பைன் உறையில் ஒரு துளை, அதை மூடும் ஒரு தட்டு, தட்டை அசைக்கும் ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் வட்டமான டப்பா ஒன்று. டப்பாவுக்குள் டயாஃபிரம் எனப்படும் நெகிழும் ரப்பர் சவ்வும் ஸ்பிரிங்கும் இருக்கும். ஸ்பிரிங் தட்டை மூடிவைத்திருக்கும். கம்ப்ரஸரிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியே வரும் அழுத்தம் டயாஃபிரத்தைத் தள்ளும். ஸ்பிரிங்கின் பலத்தை அழுத்தம் வென்றதும் கம்பி நகரும், தட்டு திறக்கும். கார்களில் பெரும்பாலும் இவையெல்லாம் டர்போவோடு ஒட்டியே இருக்கும். அதிக சக்திக்காக மாற்றியமைத்த கார்களில் தனி வால்வாக வெளியே பொருத்துவார்கள்.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் எப்போதும் ஒரே அழுத்தம்தான் கிடைக்கும். அதனால் குழாயின் நடுவே, மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வு வந்தது. டப்பாவுக்குப் போகும் அழுத்தத்தில் ஒரு பங்கை அது திருப்பிவிடும். டப்பாவுக்கு உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாகவே தெரிவதால் தட்டு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் கூடும். 1980களின் தொடக்கத்தில் சாப் நிறுவனம் இதை நாக்கிங்கை உணரும் சென்சாருடன் இணைத்தது. நாக்கிங் தொடங்கும் அறிகுறி தெரிந்தால் பூஸ்ட்டைக் குறைக்கவும், இல்லையென்றால் கூட்டவும் காரே முடிவெடுத்தது. இன்றைய புதிய கார்கள் பலவற்றில் டப்பாவும் குழாயும் போய், மின்மோட்டாரே தட்டை நேரடியாக நகர்த்துகிறது.

இந்த மெல்லிய ரப்பர் குழாய் எவ்வளவு முக்கியம் என்பதை நண்பர் ஒருவரின் காரில் நேரில் பார்த்தேன். மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் கார் வழக்கத்தைவிட ஆவேசமாகப் பாயும். அடுத்த நொடியே யாரோ பின்னாலிருந்து இழுத்ததுபோல் சக்தி அறுந்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரியும். இன்ஜினை நிறுத்தி மீண்டும் இயக்கினால் சாதாரணமாக ஓடும். பெட்ரோல் பம்ப்பை மாற்றச் சொல்லி ஒருவர் ஆலோசனை சொல்லியிருந்தார். இன்ஜின் கணினி பதிந்துவைத்த பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தபோது பி0234 என்ற குறியீடு வந்தது. அழுத்தம் வரம்பு மீறியது என்பது அதன் பொருள். அந்த அறுபடல் ஒரு பழுதே இல்லை. அளவு மீறிய அழுத்தத்தைக் கண்ட இன்ஜின் கணினி, இன்ஜினைக் காப்பதற்காக, உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டான திராட்டிலை மூடி எரிபொருளைக் குறைத்திருக்கிறது. அந்த நேரத்தில் அது அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் பிஸ்டனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதற்றமாக இருக்கிறது.

காரணம், வேஸ்ட்கேட் டப்பாவுக்குப் போகும் குழாயில் மாட்டும் முனைக்கு அருகே விழுந்த வெடிப்பு. பக்கத்திலேயே டர்போவின் சூடு. ஆண்டுக்கணக்கில் வெந்த ரப்பர் விறைத்துப் பிளந்திருந்தது. நின்ற நிலையில் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. குழாயைக் கையால் வளைத்தபோதுதான் பிளவு வாய் திறந்தது. அழுத்தத்தின் செய்தி டப்பாவை எட்டவே இல்லை, ஆகவே தட்டு திறக்கவே இல்லை. சூட்டைத் தாங்கும் சிலிக்கான் குழாயில் ஒரு துண்டும் புதிய கிளிப்புகளும் போதுமாக இருந்தன.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும், இன்ஜின் ஆறியிருக்கும்போது, அந்த மெல்லிய குழாய்களை முனையிலிருந்து முனைவரை கையால் வளைத்துப் பார்ப்பேன். எந்தக் குழாய் பழுதானால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கம்ப்ரஸரிலிருந்து சோலனாய்டுக்கோ, சோலனாய்டிலிருந்து டப்பாவுக்கோ போகும் குழாய் பிளந்தால் அழுத்தம் மீறும். சோலனாய்டின் மின் இணைப்பு கழன்றால் பெரும்பாலான கார்களில் பூஸ்ட் ஸ்பிரிங்கின் அளவுக்கு இறங்கிவிடும். கார் மந்தமாக ஓடுமே தவிர ஆபத்தில்லை. சில கார்களில் ஏற்பாடு தலைகீழ். அங்கே வெற்றிட உறிஞ்சல்தான் தட்டை மூடிவைத்திருக்கும். அத்தகைய காரில் குழாய் கசிந்தால் தட்டு திறந்தே கிடக்கும், சக்தி வராது. ஆகவே உங்கள் காரில் டப்பாவை இயக்குவது அழுத்தமா உறிஞ்சலா என்பதை முதலில் கேட்டறிந்துகொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு காருக்குக் கேட்ட மருத்துவத்தை மற்றொரு காருக்குச் செய்வதில் பயனில்லை.

ஸ்கேனரில் தெரியும் எண்களைப் பற்றியும் சொல்லவேண்டும். விலை குறைந்த ஸ்கேனரும் கைபேசிச் செயலியும் போதும். ஆனால் அவை காட்டும் அழுத்தம் பெரும்பாலும் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டுவது. 190 கிலோபாஸ்கல் என்று வந்தால் பூஸ்ட் 0.9 பார் மட்டுமே. இது தெரியாமல், 1.9 பார் ஓடுகிறது என்று அச்சப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டுப் பாருங்கள். கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்டினால், அது முழு அழுத்தக் கணக்கு. மலைப்பகுதியில் இன்னும் குறைவாகக் காட்டும்.

நல்ல ஸ்கேனராக இருந்தால் கணினி கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், வேஸ்ட்கேட் சோலனாய்டுக்கு இட்ட கட்டளை ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பார்க்கலாம். அழுத்தத்தால் இயங்கும் வகையில், சோலனாய்டு ஏறத்தாழ முழு அளவில் வேலை செய்தும் கேட்ட பூஸ்ட் வரவில்லையென்றால், எங்கோ காற்று கசிகிறது அல்லது வேஸ்ட்கேட் தட்டு சரியாக மூடவில்லை. கட்டளை பூஜ்யத்தை ஒட்டியிருந்தும் பூஸ்ட் கேட்டதைவிடக் கூடுதலாக இருந்தால், தட்டு திறக்கவில்லை. டர்போவைக் கழற்றுவதற்கு முன்பே இந்த மூன்று எண்களும் பாதித் தேடலை முடித்துவிடும். பழுது பார்க்கப் போகும்போது வெறும் குறியீட்டை மட்டும் சொல்லாமல் இந்தப் பதிவையும் கொண்டுபோங்கள். நல்ல மெக்கானிக் அதைப் பார்த்ததும் உங்களிடம் பேசும் முறையே மாறிவிடும்.

இனி இரண்டாவது வழி. ஆக்சிலரேட்டரை அழுத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரெனக் காலை எடுக்கிறோம். திராட்டில் தட்டு மூடிக்கொள்கிறது. ஆனால் கம்ப்ரஸர் சக்கரம் அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. கம்ப்ரஸருக்கும் மூடிய திராட்டிலுக்கும் நடுவே, இன்டர்கூலர் உட்பட எல்லாக் குழாய்களிலும், அழுத்தப்பட்ட காற்று போக இடமின்றி நிற்கிறது. ஓட்டம் நின்றுபோனதால் கம்ப்ரஸரால் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள முடியாது. காற்று பின்னோக்கித் திரும்பிச் சக்கரத்தின் இதழ்கள் வழியே பாய்கிறது, அழுத்தம் சற்று இறங்கியதும் மறுபடி முன்னால் தள்ளப்படுகிறது, மறுபடி திரும்புகிறது. கம்ப்ரஸர் சர்ஜ் எனப்படுவது இதுதான். விட்டுவிட்டுப் படபடக்கும் அந்த ஓசையை வேஸ்ட்கேட் சத்தம் என்று பலர் சொல்வது தவறு. அந்த நேரத்தில் வேஸ்ட்கேட்டுக்கு இதில் பங்கே இல்லை.

ஓரிரு முறை சர்ஜ் வந்ததால் டர்போ உடனே உடைந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் தண்டின் மீது விழும் விசை முன்னும் பின்னும் மாறி அடிக்கிறது. அந்த அடியைத் தாங்குவது தண்டின் முன்பின் அசைவைத் தடுக்கும் பேரிங். சக்கரத்தின் வேகமும் சரேலென இறங்குவதால், அடுத்த கியரில் பூஸ்ட் வரத் தாமதமாகும். இதைத் தவிர்ப்பதற்குத்தான் பைபாஸ் வால்வு. டைவர்ட்டர் வால்வு என்றும் சொல்வார்கள். அதன் மேற்பகுதி திராட்டிலுக்குப் பிந்தைய பகுதியோடு ஒரு சிறு குழாயால் இணைந்திருக்கும். பூஸ்ட் இருக்கும்போது மேலும் கீழும் ஒரே அழுத்தம். ஸ்பிரிங்கும் சேர்ந்து வால்வை மூடிவைக்கும். திராட்டில் மூடியதும் மேலே உறிஞ்சல் உண்டாகும், கீழே பூஸ்ட் தள்ளும், வால்வு சட்டென்று திறக்கும். சிக்கிய காற்று மீண்டும் கம்ப்ரஸரின் நுழைவாயிலுக்கே திரும்பிப் போகும். புதிய கார்கள் பலவற்றில் டர்போ உறையிலேயே திருகப்பட்ட மின்வால்வு ஒன்று இந்த வேலையைச் செய்கிறது.

என் காரில் பழுதானது இந்த வால்வுதான். சக்தி மெல்லக் குறைந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தியிருக்கும்போதே ஒரு மெல்லிய சீறல் கேட்டது. பூஸ்ட் பாதி அளவில் நின்றது. பி0299, அதாவது பூஸ்ட் போதவில்லை என்ற குறியீடு வந்தது. ஒரு பட்டறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "டர்போ தேய்ந்துவிட்டது சார், மாற்றிவிடுங்கள்" என்றார்கள். மாற்றுவதற்கு முன் ஏர் ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றிக் கம்ப்ரஸர் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். எங்கும் உரசாமல் சுழன்றது. முன்பின் அசைவு உணரும்படியாக இல்லை, குழாயில் ஆயில் தேங்கியிருக்கவும் இல்லை. அப்படியிருக்க டர்போவைக் குற்றம் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

பிறகு நான் நம்பும் மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் பைபாஸ் வால்வைக் கழற்றி, கையால் இயக்கும் உறிஞ்சல் பம்ப்பை அதன் மேல் முனையில் மாட்டினார். பம்ப்பின் முள் ஏறிய வேகத்திலேயே இறங்கியது. உள்ளே டயாஃபிரம் ஓரத்தில் நீளமாகக் கிழிந்திருந்தது. "இது பிடித்து நிற்கவேண்டும் சார். நிற்கவில்லையென்றால் பூஸ்ட் வரும்போதே காற்றைத் திருப்பி விட்டுக்கொண்டிருக்கும். டர்போ பாவம், மறுபடி மறுபடி அதே காற்றை அழுத்துகிறது" என்றார். வால்வை மட்டும் மாற்றியதும் கார் பழைய நிலைக்கு வந்தது. டர்போவை மாற்றியிருந்தாலும், தனியே பொருத்திய வால்வு அப்படியே இருந்திருக்கும். சீறலும் அப்படியே இருந்திருக்கும்.

இந்த அனுபவத்துக்குப் பின் யார் டர்போ மாற்றச் சொன்னாலும், முதலில் கசிவுச் சோதனை செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். இன்ஜினை நிறுத்திவிட்டு, கம்ப்ரஸருக்கு முந்தைய குழாயை மூடியால் அடைத்து, அதன் வழியே அரை பார் அளவுக்குக் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்புநீர் தெளித்தால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. மூடி தெறித்தால் முகத்தில் அடிபடும். மின்வால்வு உள்ள காரில் கழற்றி ரப்பர் பகுதியைக் கண்ணால் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வுகளைப் பற்றி எனக்குத் திட்டமான கருத்து இருக்கிறது. சத்தத்துக்காக மட்டும் இதை மாட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. பல கார்களில் ஏர் ஃபில்டரை அடுத்து, உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் இருக்கும். அது அளந்த காற்றுக்கு ஏற்பத்தான் கணினி எரிபொருளைக் கணக்கிடுகிறது. அளந்த காற்றை நடுவழியில் வெளியே விட்டுவிட்டால், இல்லாத காற்றுக்கு எரிபொருள் போகும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கலவையில் பெட்ரோல் கூடி இன்ஜின் தடுமாறும்; சில கார்கள் நிற்கப்போகும் நேரத்தில் அணைந்தே போகும்; ஸ்பார்க் பிளக்கில் கரி படியும்; எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றும். சில வால்வுகளின் ஸ்பிரிங் வலுக்குறைவாக இருந்தால் ஐடிலிங்கிலேயே திறந்துகொண்டு, வடிகட்டாத தூசிக் காற்று உள்ளே போகும். காற்றை அளக்காமல், அழுத்தத்தை மட்டும் உணர்ந்து கணக்கிடும் கார்களில் இந்தக் கலவைச் சிக்கல் இல்லை. அங்கேயும் அழுத்தத்தை விடுவிக்கும் வேலையில், காற்றைத் திருப்பி அனுப்பும் வால்வைவிட இது மேலானது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதற்காகப் பணம் செலவழிக்கவே வேண்டாம். டீசல் இன்ஜினில் சக்தியைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவு. காற்றை அடைக்கும் திராட்டில் அந்த வேலைக்கு இல்லை. காலை எடுத்தாலும் காற்று சிலிண்டர்கள் வழியே போய்க்கொண்டே இருக்கும், சிக்குவதில்லை. அங்கே கவனிக்கவேண்டியது வேறு. பல டீசல் டர்போக்களில் வேஸ்ட்கேட்டுக்குப் பதில் டர்பைனைச் சுற்றி அசையும் இதழ்கள் இருக்கும். அவை குறுகினால் புகை வேகமாகப் பாய்ந்து பூஸ்ட் கூடும், அகன்றால் குறையும். எப்போதும் குறைந்த வேகத்தில் மட்டுமே ஓட்டும் கார்களில் கரி படிந்து இதழ்கள் இறுகிக்கொள்ளும். குறுகிய நிலையில் இறுகினால் பி0234 அங்கேயும் வரும். நன்கு சூடான பிறகு அவ்வப்போது நெடுஞ்சாலையில் இன்ஜினை உழைக்கவிடுவது இதற்கு நல்லது.

முன்பு கார்வேரைப் பற்றிச் சொன்னேன். இன்று அதே சிக்கல் 'பூஸ்ட் க்ரீப்' என்ற பெயரில் வருகிறது. புகை எளிதில் வெளியேறும் பெரிய சைலன்சர் குழாயை மாட்டியதும் டர்பைனைக் கடந்து போகும் புகை கூடுகிறது. வேஸ்ட்கேட் துளை சிறியதாக இருந்தால், முழுதாகத் திறந்தும் போதாமல், இன்ஜின் வேகம் ஏற ஏறப் பூஸ்ட்டும் ஏறிக்கொண்டே போகும். கணினி எவ்வளவு கட்டளையிட்டாலும் திறப்பதற்கு அதற்கு மேல் எதுவும் மிச்சமில்லை. குழாயை மாற்றுபவர்கள் முதல் ஓட்டத்திலேயே ஸ்கேனரை மாட்டி, மூன்றாவது கியரில் இன்ஜின் வேகம் கூடும்போது பூஸ்ட் நிலையாக நிற்கிறதா, ஏறுகிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லவேண்டும். ஏறினால் ஆக்சிலரேட்டரிலிருந்து உடனே காலை எடுத்துவிடுங்கள்.

கூடுதல் சக்திக்காக வேஸ்ட்கேட் கம்பியின் திருகைச் சுற்றி இறுக்கும் பழக்கத்தையும் வன்மையாக எதிர்க்கிறேன். கம்பி இறுகினால் தட்டு திறப்பதற்கு அதிக அழுத்தம் வேண்டும். பூஸ்ட் கூடுவது உண்மைதான். ஆனால் தீப்பொறியின் நேரமும் எரிபொருளின் அளவும் புதிய பூஸ்ட்டுக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை அல்ல. நாக்கிங்கைக் கணினி எந்த அளவுக்குச் சமாளிக்கும் என்பதற்கும் எல்லை உண்டு. அந்தக் கம்பியின் அளவைத் தொடவேண்டிய நியாயமான தருணம், புதிய டப்பாவைப் பொருத்தும்போது மட்டுமே. அப்போதும் அழுத்த அளவியுடன் கூடிய கைப்பம்ப்பை வைத்து, எந்த அழுத்தத்தில் கம்பி நகரத் தொடங்குகிறது என்பதைத் தயாரிப்பாளர் தரும் அளவோடு ஒப்பிட்டுத்தான் திருகவேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தும்போது டர்போ பக்கத்திலிருந்து தகரம் அதிர்வதுபோல் ஓசை வந்தால், அது பெரும்பாலும் வேஸ்ட்கேட் தட்டின் அச்சு தேய்ந்ததன் அறிகுறி. ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸை நெருங்கும் பெட்ரோல் புகையில் ஆண்டுக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கும் உறுப்பு அது, தேய்வது இயற்கை. ஓசை மட்டும் இருந்து பூஸ்ட் சரியாக இருந்தால் பதறவேண்டியதில்லை. சில கார்களுக்குக் கம்பியில் மாட்டும் ஸ்பிரிங் கிளிப் கிடைக்கிறது, அது அதிர்வை அடக்கிவிடும். ஓசையோடு பூஸ்ட் வரத் தாமதமும் சேர்ந்துகொண்டால், தட்டு முழுதாக மூடவில்லை என்று கொள்ளலாம். அப்போது இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கம்பியைக் கழற்றித் தட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அச்சு பக்கவாட்டில் தாராளமாக ஆடினால், அந்த உறையைப் புதுப்பிக்கத் தெரிந்த டர்போ பட்டறையில் கொடுப்பதே சரியான செலவு.